பல மேடை இசை விழாவில் எந்தக் குழுவைப் பார்ப்பது? முதல்முறை போகிறவர்களுக்கு

சின்னம்மாவின் மகள் வேலை கிடைத்து மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் போர்டிங் எடுத்துத் தங்கியிருக்கிறாள். அலுவலகத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஓர் இசை விழாவுக்கு டிக்கட் எடுத்தபோது இவளுக்கும் ஒன்று எடுத்துவிட்டார்கள். நேர அட்டவணை வெளிவந்த அன்று இரவு எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, மூணு மேடையிலயும் ஒரே நேரத்தில நடக்குமாம். நான் பதினாலு குழுவுக்கு அடையாளம் போட்டு வச்சிருக்கன். எப்படிப் பார்க்கிற?"

"பதினாலும் பார்க்க ஏலாது. முதல்ல ஒரு கொப்பி எடு."

அன்று அவளுக்குச் சொன்னதையும், போனை வைத்த பிறகு ஞாபகம் வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். மூன்று மேடை, பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை என்று வைத்துக்கொண்டால், மேடைக்கு எட்டு மணித்தியாலமாக மொத்தம் 24 மணித்தியால இசை. உங்கள் கையில் இருப்பது எட்டு. அதிலும் சாப்பாட்டு வரிசை, கழிப்பறை வரிசை, மேடைக்கு மேடை நடை, தொலைந்துபோன கூட்டாளியைத் தேடுவது என்று இரண்டு மணித்தியாலம் கரைந்துவிடும். மிச்சம் ஆறு. நடப்பதில் காற்பங்குதான் உங்களுக்குக் கிடைக்கப்போகிறது. முக்கால் பங்கு கைவிட்டுப் போகும் என்று வீட்டிலேயே மனதைத் தேற்றிக்கொண்டு போகிறவர்கள் நிம்மதியாகக் கேட்பார்கள். மற்றவர்கள் ஒரு மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு அடுத்த மேடைப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இது நமக்குப் புதிய விஷயமும் இல்லை. சென்னையில் மார்கழி சீசனுக்குப் போனவர்களைக் கேளுங்கள். ஒரே மாலையில் பத்துச் சபாவில் கச்சேரி நடக்கும். யாருக்கு யார் வயலின், மிருதங்கம் யார் என்று பார்த்து முடிவெடுத்துவிட்டு, மற்ற ஒன்பதையும் மறந்துவிட்டுப் போய் உட்காருவார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாவில் இரவிரவாக மேளம் கேட்டவர்களுக்கும் இந்த வித்தை தெரியும். எந்தக் கூட்டம் எப்போது தனி வாசிக்கும் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, அதுவரை வெளிவீதியில் கச்சான் கொறித்துக்கொண்டு நின்ற சனம் அது.

இரண்டு கிழமைக்கு முன்பே கேட்கத் தொடங்குங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். இருபது பெயர் இருந்தாலும் மூன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இரண்டு மூன்று நாள் பயணமே போதும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஸ்டூடியோவில் பதிந்த பாட்டு ஒன்று, மேடையில் பாடியது இரண்டு. மேடைப் பதிவிலும் தொலைக்காட்சிக்காக மெருகேற்றியதை விட்டுவிட்டு, சனத்துக்குள் நின்று யாரோ போனில் எடுத்த வீடியோவைத் தேடுங்கள். சத்தம் கரகரக்கும், படம் ஆடும். ஆனால் பாடுகிறவரின் குரல் மூன்றாவது பாட்டிலும் நிற்கிறதா, டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து போகின்றனவா, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் சனத்தோடு என்ன கதைக்கிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். ஸ்டூடியோவில் ஒரே குரலை எட்டுத் தடவை பதிந்து அடுக்கலாம். மேடையில் இருப்பது ஒரு தொண்டை. பதிவில் என்னை மயக்கிய ஒரு குழு, மேடையில் பாதி இசையை லப்டொப்பில் ஓடவிட்டு நின்றதைப் பார்த்து நான் நொந்துபோனதுண்டு. பதிவில் சப்பென்று இருந்த வேறொரு குழு மைதானத்தையே தூக்கி நிறுத்தியதும் உண்டு. இரண்டும் பழைய போன் வீடியோக்களில் முன்பே தெரிந்திருக்கும். நான்தான் தேடவில்லை.

கேட்டு முடித்ததும் பெயர்களுக்கு எதிரே மூன்று விதமான அடையாளம் போடுங்கள். இதற்காகத்தான் டிக்கட் எடுத்தேன் என்பதற்கு வட்டம். வழியில் அகப்பட்டால் நின்று கேட்பேன் என்பதற்குக் கோடு. பெயரும் தெரியாது, என்ன இசை என்று சொல்லவும் வரவில்லை, ஆனால் ஏதோ இழுக்கிறது என்றால் புள்ளி. வட்டம் நான்கைத் தாண்டக் கூடாது. தங்கைக்கு ஏழு வட்டம் வந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன்: "இது இல்லாட்டி அழுவியா?" மூன்றாகக் குறைந்தது.

போஸ்டரில் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது அந்தக் குழுவின் புகழையும் அவர்கள் வாங்கும் பணத்தையும் காட்டுகிற அளவு. கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கிறவர்கள்தான் அன்று உயிரைக் கொடுத்து வாசிப்பார்கள். அவர்களுக்கு அது வருடத்திலேயே பெரிய மேடையாக இருக்கலாம்.

கொழும்பு மேடைகளில் என்ன வரும், அதை எங்கே நின்று கேட்பது

எந்தக் குழு என்பதோடு எந்தத் தூரத்தில் நின்று என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். நான் முடிவெடுப்பதே அதை வைத்துத்தான். சில இசை 200 மீற்றர் தள்ளி நின்றாலும் குறையாமல் வந்து சேரும். சிலது பத்து மீற்றர் தாண்டினால் செத்துவிடும்.

பைலா முதல் வகை. 6/8 தாளம், காதில் விழுந்தாலே கால் ஆடத் தொடங்கிவிடும். போர்த்துக்கேயர் காலத்தில் வந்த ஆபிரிக்க வழிக் காப்பிரியரிடமும் ஐரோப்பிய வழிப் பறங்கியரிடமும் வளர்ந்த இசை இது. மட்டக்களப்புப் பறங்கியரின் கல்யாண வீடுகளில் இன்னும் அதன் பழைய வடிவம் இருக்கிறது. தங்கைக்கு இதைச் சொன்னதும், "ஓம் அக்கா, எங்கட பக்கத்து வீட்டில ஆடுவாங்க" என்றாள். 2021இல் காலமான சுனில் பெரேராவும் அவருடைய ஜிப்சீஸ் குழுவும் கொழும்பு மேடைகளில் இந்தத் தாளத்தில் எத்தனையோ கூட்டத்தை ஆடவைத்தார்கள். பைலாவுக்கு முன்வரிசை தேவையில்லை. ஆட இடமுள்ள பக்கம், சனத்தின் விளிம்பு, அதுதான் நல்ல இடம். பாட்டு சிங்களத்தில் இருக்கிறதே, விளங்குமா என்று தயங்க வேண்டாம். பல்லவியை இரண்டு தடவை கேட்டால் வாயில் வந்துவிடும். பக்கத்தில் ஆடுகிறவரிடம் என்ன அர்த்தம் என்று கேளுங்கள், சந்தோசமாகச் சொல்வார்கள்.

பப்பரே வாத்தியக் குழு ஒன்றும் பெரும்பாலும் வரும். பாடசாலைகளின் பெரிய கிரிக்கெட் மட்ச்சுகளில், யாழ்ப்பாணத்தில் 'வடக்கின் போர்' உட்பட, ட்ரம்பெட்டும் டிரம்ஸுமாகக் கேட்கிற அதே சத்தம்தான். இவர்களைத் தேடிப் போகத் தேவையில்லை. மைதானத்தில் நடந்து வந்து அவர்களே உங்களைத் தேடிப் பிடிப்பார்கள்.

மெட்டல் கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் அந்தப் பெயர்களைக் கண்டதும் தாண்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஸ்டிக்மாட்டா போன்ற குழுக்கள் 1990களின் இறுதியிலிருந்து கொழும்பில் வாசித்து வருகின்றன. விளம்பரமும் வானொலியும் பெரிதாகக் கைகொடுக்காமலே தங்களுக்கென்று ஒரு கூட்டத்தை வளர்த்தவர்கள். முதல்தடவை என்றால் நடுவில் போகாமல் ஒரு பக்கமாக நின்று டிரம்மரின் கால்களைக் கவனியுங்கள். இரண்டு காலாலும் பெடலை மிதித்து அந்த வேகத்தைப் பிடிப்பதைப் பார்த்த பிறகு வெறும் இரைச்சல் என்று சொல்ல வாய் வராது.

அடுத்தது தமிழ்க் குழுக்கள். இதில் எனக்கு நடுநிலை கிடையாது, வெளிப்படையாகவே சொல்கிறேன். 1960களின் இறுதியிலும் 70களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் பொப் இசையைத் தமிழில் பாடி நாடு முழுவதையும் பாடவைத்தார்கள். சிங்களச் சனம் தமிழ்ப் பாட்டை வாய்விட்டுப் பாடிய காலம் அது. இன்று பல மொழி விழாக்களில் தமிழ் ராப் பாடுகிறவர்களுக்கோ தமிழ்க் குழுவுக்கோ கிடைப்பது பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணி வெயில்தான். அந்த நேரத்துக்குப் போய் முன்னால் நில்லுங்கள். மேடையில் நிற்கிறவருக்கு இருபது முகம் தெரிவதற்கும் நூறு முகம் தெரிவதற்கும் பாட்டிலேயே வித்தியாசம் வரும்.

வீணை, புல்லாங்குழல், தனி ஆளாகக் கிட்டாரோடு பாடுகிறவர், கூத்துப் பாட்டு, பறை: இவையெல்லாம் கிட்ட நின்று கேட்க வேண்டியவை. 2011இல் தொடங்கிய யாழ்ப்பாண இசை விழாவில் கூத்துக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரின் குரலை ஒலிபெருக்கியில் கேட்பது ஒன்று, அவர் மூச்சு எடுக்கிற இடம் தெரிகிற தூரத்தில் நின்று கேட்பது வேறொன்று.

அட்டவணை வந்ததும்

ஒரு தாளில் நேரத்தை மேலிருந்து கீழாகவும் மேடைகளைப் பக்கத்தில் பக்கத்திலும் எழுதிக் கட்டம் போடுங்கள். பெரிய விழாக்களுக்கு இதைச் செய்துகொடுக்க கிளாஷ்ஃபைண்டர் என்று ஓர் இணையத்தளமே இருக்கிறது. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் 100க்கும் மேற்பட்ட மேடைகள் இருக்கும்போது வேறு வழியில்லை. 2023இல் மும்பைக்கும் வந்த லொல்லபலூசா விழாவைப் போல நான்கு மேடை என்றாலே மனக்கணக்கு உதைக்கும். நம்முடைய மூன்று மேடைக்குக் கொப்பி ஒற்றையும் பென்சிலும் போதும். பென்சில் என்று சொல்லக் காரணம், அன்றைக்கு நேரம் மாறும்.

சில விழாக்களில் இரண்டு பெரிய மேடைகளும் மாறி மாறி ஓடும், ஒன்றில் பாடும்போது மற்றதில் சாமான் அடுக்குவார்கள். அப்படியா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் உங்கள் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வட்டமும் வட்டமும் ஒரே நேரத்தில் மோதினால் இப்படிப் பிரியுங்கள். வெளிநாட்டுக் குழுவும் கொழும்புக் குழுவும் மோதினால் வெளிநாட்டுக் குழு. கொழும்புக்காரர்களை இன்னும் இரண்டு மாதத்தில் வேறு மண்டபத்தில் பிடிக்கலாம். இரண்டும் உள்ளூர் என்றால், தூரத்தில் நின்றால் செத்துவிடுகிற இசைக்கு முதலிடம். மற்றதின் சத்தம் எப்படியும் வந்து சேரும். இரண்டும் ஒரே வகை என்றால், அடிக்கடி மேடை ஏறாத குழு. அதற்குப் பிறகும் தீராவிட்டால் நாணயத்தைச் சுண்டுங்கள். காசு மேலே போகும்போதே எது விழ வேண்டும் என்று மனம் ஆசைப்படுவது தெரிந்துவிடும். அதற்கே போங்கள்.

பாதி பாதி பார்ப்பதென்றால், தெரிந்த குழுவின் கடைசி இருபது நிமிடத்தையும் தெரியாத குழுவின் முதல் இருபது நிமிடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் பெற்றவர்கள் எல்லாரும் அறிந்த பாட்டுகளைக் கடைசிக்கு வைப்பார்கள். புதியவர்கள் தங்களிடம் உள்ள மிகச் சிறந்ததை முதலிலேயே இறக்குவார்கள், இல்லாவிட்டால் சனம் கலைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு மாலையில் ஒரு தடவைக்கு மேல் இப்படிப் பிரிக்காதீர்கள். இரண்டாம் தடவை கால் வலிக்கும், மூன்றாம் தடவை நீங்கள் கேட்பது நடைபாதையை மட்டும்தான்.

நடையைக் குறைவாக மதிப்பிடுவதுதான் புதியவர்கள் விடுகிற பெரிய பிழை. பிற்பகலில் மூன்று நிமிடத்தில் கடந்த இடத்தைக் கடக்க இரவு எட்டு மணிக்குப் பதினைந்து நிமிடமாகும். கட்டத்தில் ஒவ்வொரு மேடை மாற்றத்துக்கும் பதினைந்து நிமிடத்தை இப்போதே நிழலடித்துவிடுங்கள். தங்கையின் தாளில் நிழலடித்து முடித்தபோது கோடு போட்டிருந்த இரண்டு குழுக்கள் தானாகவே கழன்றுவிட்டன.

நிழலும் வட்டமும் போக மிஞ்சுகிற நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை வெறுமையாக விடுங்கள். புள்ளிகள் அந்த நேரத்துக்குரியவை.

சத்தமும் காதும்

பெரிய மேடைக்கு முன்னால் கூட்டத்தின் நடுவே, ஒலிக் கலவை செய்கிறவர் நிற்கிற கூடாரம் ஒன்று இருக்கும். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் சத்தத்தைச் சரிசெய்கிறார். அதனால் அந்தக் கூடாரத்துக்கு அருகில் நிற்பதுதான் மைதானத்திலேயே நன்றாகக் கேட்கிற இடம், முன்வரிசையைவிடவும். கொழும்புச் சூட்டில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும். 100 மீற்றர் தள்ளி நின்றால் திரையில் வாய் அசைந்து கால் விநாடிக்குச் சற்று மேல் கழித்துத்தான் குரல் வரும். காலிமுகத்திடல் போலக் கடலோரத் திறந்தவெளி என்றால் காற்றையும் பாருங்கள். மேடையிலிருந்து உங்கள் பக்கம் காற்று வீசினால் தூரத்திலும் தெளிவாகக் கேட்கும். எதிர்ப்பக்கம் வீசினால் கிட்டப் போக வேண்டியதுதான்.

காதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இப்படியான நிகழ்ச்சிகளுக்கென்று வெளியிட்ட தரத்தில், பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. தொழிலிடப் பாதுகாப்புக்காக அமெரிக்காவில் பரிந்துரைக்கிற கணக்குப்படி 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படியே குறைத்துக்கொண்டு போனால் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். அதனால் காதடைப்பான் ஒரு சோடி வாங்கிச் சட்டைப் பையில் வையுங்கள். அட்டவணையிலும் பலத்த குழு ஒன்றுக்குப் பிறகு மெல்லிய குழு ஒன்று வருகிற மாதிரி அடுக்குங்கள். மெட்டலுக்குப் பிறகு உடனே எலெக்ட்ரோனிக் மேடைக்குப் போகிறவருக்கு இரண்டாவதில் பாதி கேட்காது.

மழை, பஸ், அம்மா

ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பின்னேரம் இடியோடு மழை வருவது வழக்கம். கூரையுள்ள மேடை எது என்று முன்பே பார்த்து, மழை வந்தால் அங்கே யார் பாடுவார்கள் என்றும் தாளில் குறியுங்கள். மழைக்கு ஒதுங்கிப் பிடித்துப்போன குழுக்கள் எனக்குப் பல உண்டு.

பெரிய பெயர் கடைசியில்தான் வரும். அது முடிகிற நேரத்தில் முழுச் சனமும் ஒரே வாசலால் வெளியேறும். கரையோர ரயில் இரவில் குறைவு, காலி வீதி பஸ்ஸும் பத்து மணிக்குப் பிறகு ஐதாகிவிடும், ஓட்டோ பிடிக்கிற செயலிகளில் கட்டணம் ஏறும். தங்கைக்கு போர்டிங் கதவு பத்தரைக்குப் பூட்டிவிடுவார்கள், மட்டக்களப்பில் சின்னம்மாவும் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பா. "அப்ப கடைசிக் குழுவ விடவா அக்கா? அவங்கதான் பெரிய ஆக்கள்" என்று கேட்டாள். முதல் அரை மணித்தியாலத்தைப் பார்த்துவிட்டு வெளிக்கிடச் சொன்னேன். வாசலுக்குப் போகிற பத்து நிமிடமும் அவர்களுடைய பாட்டு அவளோடு கூடவே வரும். அது பெரிய மேடைக்குள்ள வசதி. அந்த மாலையில் சின்ன மேடையில் கேட்டவை அப்படிக் கூட வராது.

கூட்டாளிகளோடு போனாலும் எல்லாரும் எல்லாவற்றையும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று கட்டிப்போடாதீர்கள். ஐந்து பேருக்கும் பிடித்ததைத் தேடினால் ஒருவருக்கும் பெரிதாகப் பிடிக்காத குழுவில் போய் முடியும். ஒரு குழுவைச் சேர்ந்து பார்க்க முடிவெடுத்து, அதற்கு முன்னும் பின்னும் அவரவர் வழியில் போங்கள். சனம் கூடினால் போன் லைன் கிடைக்காது. அதனால் இன்ன நேரம் இன்ன விளக்குக் கம்பத்தடி என்று வாயால் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு இரண்டு பேராவது சேர்ந்தே திரியுங்கள்.

அன்றைக்கு

போனதும் முதல் வேலையாக மைதானத்தை ஒரு தடவை சுற்றி நடங்கள். மேடைகள், தண்ணீர், கழிப்பறை, வெளிவாசல். மாறிய நேரங்களைப் பென்சிலால் திருத்துங்கள். அப்புறம் முதல் புள்ளிக்குப் போங்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் வைத்த புள்ளி ஒன்றைச் சொல்கிறேன். நான்கு மணி, மழை அப்போதுதான் விட்டிருந்தது. சின்ன மேடை, முன்னால் இருபத்தைந்து பேர் இருக்கும். கிட்டாரும் டிரம்ஸும் தவிலும் சேர்ந்த குழு. மற்ற இருவரும் வயர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். தவில்காரர் நிலத்தில் உட்கார்ந்து வலது கை விரல்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடு மாட்டினார். துணியைப் பசை தடவிச் சுற்றிக் காயவைத்துச் செய்த வெள்ளைக் கூடு. சுண்டுவிரலுக்கு மாட்டும்போது ஒரு தடவை கழன்று விழுந்தது. முன்னால் நின்ற சின்னப் பொடியன் ஒருவன் எடுத்துக் கொடுத்தான். வாங்கி மாட்டிவிட்டு, நன்றி சொல்கிற மாதிரி தவிலின் வலது முகமான வலந்தலையில் அவனுக்காக ஒரே ஒரு தட்டுத் தட்டினார். ஈரக் காற்றில் அது நெஞ்சில் வந்து விழுந்தது. பிறகு நாற்பது நிமிடம் ஒருவரும் அசையவில்லை. அந்த நேரம் பெரிய மேடையில் எனக்கு மிகவும் பிடித்த குழு பாடிக்கொண்டிருந்தது. தாளில் அதற்கு வட்டம் போட்டிருந்தேன். போகவில்லை.

அந்தக் குழுவின் பெயரை அன்று இரவே எழுதி வைக்காமல் விட்டேன். மூன்று பெயர் சேர்ந்த நீளமான பெயர், காலையில் ஒன்றுதான் ஞாபகம் இருந்தது. கண்டுபிடிக்க இரண்டு மாதம் எடுத்தது, அதற்குள் அவர்கள் பம்பலப்பிட்டியில் ஒரு தடவை வாசித்தும் முடித்துவிட்டார்கள். ஆகவே வீடு திரும்புகிற ஓட்டோவிலேயே, பிடித்த பெயர்களைப் போனில் எழுதி, அவர்களுடைய பக்கத்தையும் தேடிப் பின்தொடரத் தொடங்கிவிடுங்கள். இப்படியான குழுக்களின் அடுத்த நிகழ்ச்சி பெரும்பாலும் நூறு பேர் கொள்கிற ஒரு சின்ன இடத்தில்தான் இருக்கும், அறிவித்தலும் இரண்டு மூன்று நாளுக்கு முன்தான் வரும்.